சீசன் முடிந்த திங்கட்கிழமை

அண்ணன் அமெரிக்காவுக்குப் போனது கிரீன் கார்ட் லொத்தர் குலுக்கலில். கண்டி டவுனில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை செய்துகொண்டிருந்தவன், நண்பர்களோடு சேர்ந்து விளையாட்டாக விண்ணப்பம் போட்டான். விழுந்துவிட்டது. ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளிலிருந்து அமெரிக்கா போகிற முதல் ஆள் என்று தோட்டம் முழுக்கப் பேச்சு. அப்பா மட்டும் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தோட்டத்து லொறி டிரைவராக இருந்தவர். வாய்ப்பேச்சு அவருக்கு எப்போதுமே குறைவு. அண்ணன் காலில் விழுந்து எழுந்தபோது, "குளிருக்கு நல்லா போத்திக்க" என்றார். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு பல வருடங்கள் அவர்கள் இருவரும் தொலைபேசியில் பேசியதை நான் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன்.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்பா."

"வேல எப்படி?"

"இருக்குப்பா."

"சரி, இந்தா தங்கச்சிகிட்ட பேசு."

போன் என் கைக்கு வந்துவிடும். அம்மா இறந்தபோது அண்ணன் வந்தான். கருமாதி முடிகிறவரை இருந்துவிட்டுப் போனான். பிறகு வரவே இல்லை. நாங்கள் லயத்தை விட்டு, ஹந்தானை ரோட்டிலேயே கொஞ்சம் கீழே ஒரு சின்ன வீட்டுக்கு வந்துவிட்டோம். எனக்கு டவுனில் ஒரு வாகன உதிரிப்பாகக் கடையில் கணக்கு எழுதும் வேலை. அப்பாவும் நானும் மட்டும்தான் வீட்டில்.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு திங்கட்கிழமை காலை, நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது அண்ணன் அங்கிருந்து போன் எடுத்தான். அவனுக்கு அது ஞாயிறு மாலை. போனைக் காதில் வைத்த அப்பா முகத்தைச் சுருக்கினார்.

"என்ன தம்பி, தொண்ட கட்டியிருக்கு? காய்ச்சலா?"

"இல்லப்பா. மேட்ச் பாத்துக் கத்தினேன்."

"என்ன மேட்ச்?"

"இங்க ஃபுட்போல்னு சொல்வாங்க. ஆனா கால்ல ஆடுறதில்ல. நம்ம ரக்பி பந்து மாதிரிதான், கையில எடுத்துக்கிட்டு ஓடணும்."

ரக்பி என்ற சொல் அப்பாவை நிமிர்த்தி உட்கார வைத்தது. டவுனுக்குத் தேயிலை ஏற்றிப் போன நாட்களில், இறக்கி முடிந்ததும் லொறியை ஓரமாகப் போட்டுவிட்டு கிரவுண்ட் வேலிக்கு வெளியே நின்று ரக்பி பார்த்தவர் அவர். கண்டியில் பிறந்தவனுக்கு ரக்பி தெரியாமல் இருக்குமா என்பார்.

அன்றைக்கு அவர் போனை என்னிடம் தரவே இல்லை. நான் சோற்றுப் பார்சலைக் கட்டி, குடையை எடுத்து, செருப்பையும் மாட்டிவிட்டேன். அவர் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அண்ணன் அந்த வாரமே சில வீடியோத் துண்டுகளை அனுப்பினான். அப்பா என் போனைக் கண்ணுக்கு நெருக்கமாகப் பிடித்துக்கொண்டு பார்த்தார். அடுத்த திங்கள் அவருக்குக் கேள்விகள் தயாராக இருந்தன.

"தம்பி, அவன் பந்த முன்னால எறியிறானே, அது பிழையில்லையா?"

"இங்க எறியலாம்பா."

"அப்புறம் ஏன் ஓடுறதும் நிக்கிறதுமா இருக்கானுங்க? கூட்டம் வச்சிப் பேசிட்டு ஓடுறானுங்க, திரும்பவும் கூட்டம் வைக்கிறானுங்க!"

அண்ணன் சிரித்தான். நாலு தடவைக்குள் பத்து யார் தூரம் முன்னேற வேண்டும் என்று விளக்கினான். அப்பா விரல் மடக்கிக் கேட்டுக்கொண்டார். இப்படித்தான் ஆரம்பித்தது. செப்டம்பரிலிருந்து ஜனவரி முதல் வாரம் வரை, திங்கட்கிழமை காலை எங்கள் வீட்டில் அந்த ஆட்டத்தின் பேச்சு. அண்ணன் இருந்த ஊரின் அணியை அப்பா 'நம்ம ஆளுங்க' என்று சொல்லத் தொடங்கினார். நம்ம ஆளுங்க அந்த முதல் வருடம் பாதிக்கு மேல் தோற்றார்கள். தோற்றது பற்றிப் பேசவும் அவர்களுக்கு நிறைய இருந்தது.

போன சீசனில் அணி நன்றாக ஆடியது. ஒக்டோபரில் ஒரு நாள், ஆட்டப் பேச்சு முடிந்த பிறகு, அப்பா திடீரென்று கேட்டார்.

"பொங்கலுக்கு வந்துட்டுப் போக ஏலுமா?"

அவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"சீசன் முடியட்டும்பா. முடிஞ்சதும் வர்றேன்."

ஒரு பேச்சுக்குச் சொன்ன வார்த்தை அது. பந்து விளையாட்டுக்காக யாரும் ஊருக்கு வராமல் இருப்பதில்லை. அப்பா அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் என்னிடம், சீசன் எப்போது முடியும் என்று கேட்டார். நான் போனில் பார்த்துச் சொன்னேன். ஜனவரி முதல் வாரத்தோடு வழக்கமான ஆட்டங்கள் எல்லாம் முடியும். நன்றாக ஆடிய அணிகள் மட்டும் அதற்கு மேல் போகும். அது பெப்ரவரி வரைக்கும் இழுக்கும்.

"அப்ப முதல் வாரத்துலயே நம்ம ஆளுங்க வெளிய வந்துட்டா?"

"அன்னைக்கோட முடிஞ்சிது."

தலையை ஆட்டிக்கொண்டு சோற்றைப் பிசைந்தார்.

டிசம்பரில் அணி தொடர்ந்து ஜெயித்தது. அண்ணனின் குரல் ஒவ்வொரு வாரமும் ஏறிக்கொண்டே போனது. அப்பாவின் குரல் இறங்கியது. "அப்படியா", "நல்லது" என்று இரண்டு சொல்லோடு நிறுத்தினார். வயதாகிறது, அலுத்துவிட்டது போல என்று நான் நினைத்தேன். அதே மாதம் முன்னறைக்கு வெள்ளையடிக்க ஆள் கூட்டி வந்தார். மெத்தையை வெயிலில் போட்டார். தூசு தட்டி உள்ளே எடுத்த அன்றைக்கே மழை வந்தது.

கடைசி ஆட்டத்தில் ஜெயித்தால் மேலே போகலாம், தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டும் என்ற நிலை. அவர்களுக்கு மாலையில் நடந்த ஆட்டம், எங்களுக்குத் திங்கள் விடியல். அண்ணன் வீடியோவில் கூப்பிட்டு, போனைத் தன் டீவிக்கு எதிரே நிறுத்தினான். "கடைசிப் பகுதி போகுதுப்பா, நீங்களும் பாருங்க." அவன் முகம் எங்களுக்குத் தெரியவில்லை. குரல் மட்டும் பக்கத்திலிருந்து வந்தது.

அப்பா அன்று எனக்கு முன்பே எழுந்து குளித்து, திருநீறு பூசி, விளக்கேற்றியிருந்தார். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். போன் திரையில் வெள்ளையாகப் பனி கொட்டியது. ஆடுகிறவர்கள் புள்ளிகளாகத் தெரிந்தார்கள். எங்கள் அணி இரண்டு புள்ளிகள் பின்னால். பந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, கம்பங்களுக்கு நடுவே உதைக்கக்கூடிய தூரத்துக்கு வந்துவிட்டார்கள். ஒரே உதை. உள்ளே போனால் மூன்று புள்ளி, ஜெயம்.

"ஆண்டவனே, ஆண்டவனே" என்று அண்ணன் சொல்வது கேட்டது. அப்பாவின் உதடும் அசைந்துகொண்டிருந்தது.

பந்து கம்பத்துக்கு வெளியே போனது.

"ஆ!" என்று அப்பா தொடையில் தட்டினார். அவர் முகத்தைப் பார்த்து நான் திகைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

பிறகு டீவிச் சத்தத்துக்கு மேலாக இன்னொரு சத்தம் கேட்டது. முதலில் எனக்குப் புரியவில்லை. அண்ணன் அழுதுகொண்டிருந்தான். அம்மாவைப் புதைத்த அன்றைக்குக்கூட அவன் சத்தம் போட்டு அழவில்லை. அப்பாவின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"தம்பி... அழுவுறியா?"

மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"விடு தம்பி. வெளையாட்டுதானே. அதான் சீசன் முடிஞ்சிருச்சே. பொங்கலுக்கு வந்துருவியில்ல?"

"என்னப்பா சொல்றீங்க?"

"சீசன் முடிஞ்சதும் வர்றேன்னியே."

திரையில் ஆட்டக்காரர்கள் கை குலுக்கிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் மெதுவாகக் கேட்டான்.

"அதுக்காக நாங்க தோக்கணும்னா இருந்தீங்க?"

அப்பாவுக்குப் பொய் வராது. "ஆமாப்பா" என்றார்.

"நான் லீவே போடலப்பா" என்றான் அண்ணன். "பொங்கலுக்கு வர ஏலாது." கொஞ்சம் கழித்து, "நான் அப்புறம் எடுக்கிறேன்" என்று வைத்துவிட்டான்.

அப்பா போனை என்னிடம் நீட்டினார். "நான் சொல்லியிருக்கக் கூடாதோ?" என்று கேட்டார். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டு நான் அடுப்படிக்குப் போனேன்.

மறுநாள் அண்ணன் எதுவும் எழுதாமல் இரண்டு மூன்று வீடியோக்களை மட்டும் அனுப்பினான். காலியாகிவிட்ட அரங்கத்தில் ஒரு தடித்த ஆள் மேல்சட்டை இல்லாமல் பனியில் உட்கார்ந்திருந்தான். முகத்தில் பூசிய சாயம் கரைந்து கழுத்தில் ஓடியது. ஒரு பெண் அணியின் சட்டையைக் குப்பைத் தொட்டியில் போட்டாள். பிறகு திரும்பி வந்து எடுத்துக்கொண்டாள். பயிற்சியாளரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டதாக ஒரு செய்தி. அப்பா அந்த மேல்சட்டை இல்லாத ஆளைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

"இந்தக் குளிர்ல இப்படி ஒக்காந்திருக்கானே. வீட்டுக்குக் கூட்டிப் போக யாருமில்லையா அவனுக்கு?"

பயிற்சியாளருக்காகவும் வருத்தப்பட்டார். "ஒரு ஒததானே தப்பிப்போச்சு. அதுக்கு அந்த மனுசன் என்ன செய்வான்?"

பொங்கலன்று நாங்கள் இருவரும் முற்றத்தில் பொங்கல் வைத்தோம். பால் பொங்கியபோது அண்ணனை வீடியோவில் கூப்பிட்டேன். அங்கே முந்தின நாள் மாலை, அவன் இன்னும் வேலையிலிருந்தான். கையை அசைத்தான், வைத்துவிட்டான்.

அதற்குப் பிறகு வந்த திங்கட்கிழமைகளில் அப்பா வழக்கம்போல் முன்னறைக் கதிரையில் வந்து உட்கார்ந்தார். சில திங்களில் போன் வந்தது. "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன்பா." பிறகு என் கைக்கு வந்தது. பல திங்களில் வரவில்லை. ஒரு நாள் என்னிடம், "அந்த வெளையாட்டு திரும்ப எப்ப ஆரம்பிக்கும்?" என்று கேட்டார். செப்டம்பரில் என்றேன். "அவ்வளவு நாளா?" என்றார்.

மார்ச்சில், யாருக்கும் சொல்லாமல் அண்ணன் வந்தான். வாசலில் பெட்டியோடு நின்றவனை அப்பா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு "சாப்பிட்டியா?" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

வந்தவன் இரண்டு வாரம் இருந்தான். நான் எதிர்பார்த்தது போல ஒன்றும் நடக்கவில்லை. முன்னறையில் ஆளுக்கொரு கதிரையில் உட்கார்ந்து டீவி பார்த்தார்கள். விளம்பரம் வரும்போது அப்பா அவனைப் பார்ப்பார். அவன் போனைப் பார்ப்பான். அவன் நிமிரும்போது அப்பா டீவி பக்கம் திரும்பிவிடுவார். ஒரு சனிக்கிழமை நான்தான் இருவரையும் பிடித்து டவுன் கிரவுண்டுக்கு ரக்பி பார்க்க அனுப்பினேன். நனைந்து திரும்பினார்கள். "எப்படி?" என்று கேட்டேன். "மழை" என்றார் அப்பா. "நல்ல மழை" என்றான் அண்ணன்.

அன்று சாயந்தரம் துணி காயப்போடும்போது அவனிடம் கேட்டேன்.

"ஏண்ணே அப்படி அழுத? ஒரு மேட்ச்சுக்காகவா?"

அவன் நனைந்த சட்டையைப் பிழிந்துகொண்டே இருந்தான்.

"அந்த ஊருல முதல் மூணு வருசம் என்கூட யாருமே பேசலம்மா. வேலைக்குப் போவேன், வருவேன். ஒரு நாள் குளிருக்கு அந்த டீமோட தொப்பி ஒண்ணு வாங்கிப் போட்டேன். அன்னைக்கு பஸ்ஸுல ஒருத்தன் பேசினான். மறுநாள் வேலையில நாலு பேர் பேசினாங்க. ஞாயித்துக்கிழமைன்னா கூப்பிடுவாங்க, போவேன். சீசன் முடிஞ்சா கூப்பிட மாட்டாங்க." சட்டையைக் கொடியில் போட்டான். "அப்பாவும் அந்த மாசங்கள்லதான் பேசினாரு."

"இத அவருகிட்ட சொல்லேன்."

"எப்படி ஆரம்பிக்கிறது?"

எனக்கும் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை. அவரவர் சொல்ல வேண்டியது என்று அப்போது பட்டது. இப்போது அப்படித் தோன்றவில்லை.

அவன் போன நாள் வேன் விடியலிலேயே வந்தது. அப்பா அவன் தோளில் கை வைத்தார், எடுத்துக்கொண்டார். வேன் வளைவில் மறைந்த பிறகும் ரோட்டிலேயே நின்றார். டவுனுக்குப் போகிற முதல் பஸ் ஹோர்ன் அடித்துத்தான் அவரை ஓரத்துக்கு நகர்த்தியது.

உள்ளே வந்து தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் குடிக்காமல் இருந்தார்.

"அவனுக்குக் காதோரமெல்லாம் நரைச்சிருக்கு, பாத்தியா?" என்றார். "என்னைக்கு நரைச்சிச்சின்னே தெரியல."

பாத்தேன்பா என்றேன். ஆறிப்போன தேத்தண்ணியை வாங்கிச் சுடவைக்கப் போனேன்.