சிலிண்டருக்குள் திருநீறு

இன்ஜின் சிலிண்டர் உள்ளே கண்ணாடி மாதிரி வழவழவென்று இருக்க வேண்டும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். எங்கள் பட்டறைக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "என்னங்க இது, உள்ள கோடு கோடா இருக்குது?" என்று கேட்காத ஆள் இல்லை. எனக்குச் சட்டென்று கோபம் வரும். அப்பாவுக்கு வராது. தேய்ந்த சிலிண்டரைப் போரிங் மெஷினில் கடைந்த பிறகு, ஹோனிங் கல்லை உள்ளே சுழலவிட்டு, பாய் முடைந்த மாதிரி ஒன்றையொன்று வெட்டும் மெல்லிய கோடுகள் போட வேண்டும். அந்தக் கோடுகளில்தான் ஆயில் நிற்கும். ஆயில் நின்றால்தான் இன்ஜினுக்கு இழுவை, ஆயுசு எல்லாம். இதை அப்பா வருகிறவர்களுக்கெல்லாம் முதல் தடவை சொல்வதுபோலவே சொல்வார்.

அது தொண்ணூறுகள். ஆவாரம்பாளையத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால்தான் பட்டறை. டிப்ளமோ முடித்து நாலு இடத்தில் வேலை கேட்டு, நாலு இடத்திலும் சண்டை போட்டுக்கொண்டு அப்பாவிடமே வந்து சேர்ந்தவன் நான். லாரி, டிராக்டர், கிணற்று இன்ஜின் என்று எது வந்தாலும் இரண்டு பேரும்தான் பார்ப்போம்.

அம்மாவுக்கும் அங்கே ஒரு வேலை இருந்தது. பட்டறை ஆரம்பித்த புதிதில் நாங்கள் இன்ஜினுக்குப் போரிங் செய்து கொடுத்த லாரி ஒன்று மலை இறக்கத்தில் கவிழ்ந்து டிரைவர் இறந்துபோனார். பிரேக் பிடிக்காமல் போனதற்கு இன்ஜின் என்ன செய்யும்? ஆனால் அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. அன்றிலிருந்து சிலிண்டர்கள் குடைந்த எந்த இன்ஜின் பிளாக் வெளியே போனாலும், அதற்கு முன்னால் குளித்துவிட்டுத் தட்டோடு வந்துவிடுவார். வெளிப்பக்கம் சந்தனம், குங்குமம். பிறகு ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் விரலை விட்டுத் திருநீறு தடவுவார். வெளியே வைத்தால் போதாதா என்று ஒருமுறை கேட்டேன்.

"உசுரு உள்ளதானே கண்ணு இருக்குது" என்றார்.

அப்பா பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு, சன்னதியில் நிற்பதுபோல நிற்பார். அது முடிந்ததும் என்னை டீ வாங்க அனுப்புவார்.

அப்பாவிடம் எனக்கு எரிச்சல் மூட்டிய ஒன்று அவருடைய சோப்புத் தண்ணீர் வாளி. ஹோனிங் முடிந்தால் கல்லின் பொடி கோடுகளுக்குள் புகுந்துகொள்ளும். மண்ணெண்ணெய் ஊற்றினால் போகாது. சுடுதண்ணீரில் பார் சோப்பைக் கரைத்து, பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவி, வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே வெளியே வர வேண்டும். உடனே ஆயில் பூச வேண்டும், இல்லாவிட்டால் கண்ணெதிரே துருப் பிடிக்கும். இதெல்லாம் அம்மா வருவதற்கு முன்பே முடிந்திருக்கும். ஆனாலும் நான் டீயோடு திரும்பி வரும்போது தரை மறுபடியும் ஈரமாக இருக்கும். அப்பா புதிதாக ஆயில் பூசிக்கொண்டிருப்பார்.

"எத்தனை தடவைதானுங்கப்பா குளிப்பாட்டுவீங்க? ஜன்னி வந்துரப்போகுது" என்பேன். சிரித்துக்கொள்வார். சுத்தப் பைத்தியம் என்று நினைத்துக்கொள்வேன்.

சோப்புத் தண்ணீரில் ஊறி ஊறி அவர் கையெல்லாம் வெடிப்பு. சாயங்காலம் பட்டறையைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தால், அம்மா விளக்கெண்ணெயைச் சூடுபண்ணி எடுத்து வருவார். அப்பாவின் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வெடிப்பாகத் தடவுவார். வாய் சும்மா இருக்காது. "மண்ணெண்ணெயில கைய உடாதீங்கன்னாக் கேக்கறீங்களா? சோறு எப்படித்தான் பெசஞ்சு திங்கறீங்களோ." அப்பா, "சரி அம்மணி" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டார்.

ஒரு ஐப்பசிக் காலையில் பட்டறையைத் திறக்கப் போன அப்பா, ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

காரியம் ஆன கையோடு சொந்தக்காரப் பெண்கள் அம்மாவின் குங்குமச் சிமிழை எடுத்து ஒளித்து வைத்தார்கள். இனி அம்மா கையால் சந்தனம் குங்குமம் வைக்கக் கூடாதாம். எனக்கு வந்த கோபத்தில் அத்தனை பேரையும் வெளியே போகச் சொல்லியிருப்பேன். அம்மாதான் கண்ணாலேயே அடக்கினார். அதற்குப் பிறகு அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தார். கூப்பிட்டால் "உம்" என்பார், அவ்வளவுதான். பிளாக் வெளியே போகும் நாளில் மட்டும் தானாக எழுந்து குளித்துவிட்டு வந்தார். தட்டில் திருநீறு மட்டும் இருந்தது. அதை முன்னைவிடத் தாராளமாகவே உள்ளே பூசினார். அந்தக் கொஞ்ச நேரம் அவர் முகம் பழைய முகமாக இருக்கும். அப்பா நின்ற இடத்தில் நான் கைகட்டி நின்றேன்.

மாசி வாக்கில், அன்னூரிலிருந்து ஒரு விவசாயி வந்தார். அப்பா போன பிறகு எங்களிடம் கிணற்று இன்ஜினுக்குப் போரிங் செய்துகொண்டு போனவர்.

"ஏனுங்க தம்பி, தப்பா நெனச்சுக்காதீங்க. இஞ்சின் கொஞ்சம் ஆயில் குடிக்குதுங்க. பொகையும் வருதுங்க. தண்ணி எறைக்க முடியாம வாழை வாடுதுங்க, அதனால வந்துட்டனுங்க."

நான் அவர் இடத்தில் இருந்திருந்தால் பட்டறையையே இரண்டாக்கியிருப்பேன். அந்த மனுஷர் தன் வாழை வாடுவதற்கு என்னிடம் மன்னிப்புக் கேட்பதுபோல நின்றது தாங்க முடியவில்லை. கூடவே கிளம்பிப் போனேன். உள்ளூர் மெக்கானிக் இன்ஜினைப் பிரித்தார். நாங்கள் போட்ட குறுக்குக் கோடுகள் ஒன்றுகூட இல்லை. மேலிருந்து கீழாக நகத்தால் கீறியதுபோலக் கீறல்கள். பிஸ்டன் ரிங்கின் இடுக்கில் சாம்பல் நிறத்தில் ஒரு பசை. விரலில் எடுத்துத் தேய்த்தேன். நறநறத்தது.

"மாட்டறதுக்கு முன்னாடி துடைச்சீங்களா?" என்று மெக்கானிக்கிடம் கேட்டேன். குரல் உயர்ந்துதான் இருந்தது.

"உங்க பட்டறையில இருந்து வந்தா அதுக்கு வேலையே இல்லீங்களே. அப்பா இருக்கறப்ப உள்ள பளிச்சுன்னு வரும். இந்த வாட்டிதானுங்க துன்னூறு வெச்சு வந்துச்சு. சாமிக்கு வெச்சதத் துடைப்பாங்களாங்க? தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டு, ஆயில ஊத்தி அப்படியே எறக்கிப்போட்டனுங்க."

அவரை நான் என்ன சொல்ல? அவர் இடத்தில் இந்தப் பக்கத்து ஆள் யாராக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பார்கள். அப்போதுதான் அந்த ஈரத் தரை எனக்குப் புரிந்தது. அம்மா தட்டோடு உள்ளே போனதும், என்னையும் டீக்கு அனுப்பிவிட்டு, அப்பா அத்தனை வருஷமும் அந்தத் திருநீற்றைக் கழுவியிருக்கிறார். அன்னூரிலிருந்து திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன்.

விவசாயிக்குச் சிலிண்டருக்குள் லைனர் என்கிற புது உறை போட்டு இன்ஜினைச் சரிசெய்து கொடுத்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை. அந்தத் தட்டையும் பிடுங்கிவிட்டால் அம்மா எதற்காக எழுந்திருப்பார்? அதனால் நானும் வாளியை எடுத்தேன். அம்மா வைத்துவிட்டு வீட்டுக்குள் போவார். நான் கழுவுவேன். பங்குனி, சித்திரை என்று ஓடியது. புகை என்று யாரும் வரவில்லை. அம்மா ஒரு கை சோறு கூடுதலாகச் சாப்பிட ஆரம்பித்திருந்தார்.

ஒருநாள் தட்டை மறந்து பட்டறையிலேயே வைத்துவிட்டுப் போனவர், அதை எடுக்கத் திரும்பி வந்தார். என் கை சிலிண்டருக்குள் பிரஷ்ஷோடு இருந்தது.

"என்ன கண்ணு பண்றே?"

ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். உண்மையே வாயில் வந்தது. "உள்ள பொடி இருந்தா இஞ்சின் கெட்டுப்போயிருதுங்கம்மா."

அம்மா வாளியைப் பார்த்தார். தண்ணீர் சாம்பல் நிறத்தில் இருந்தது. "உங்கப்பாவுமா?" என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அம்மா அந்த ஈரத்திலேயே உட்கார்ந்து, என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். விரல் இடுக்கில் வெடிப்பு விட ஆரம்பித்திருந்தது.

"அவிய கை வெடிப்பெல்லாம் இதனாலதானா? நான் மண்ணெண்ணெயவல்லோ திட்டிக்கிட்டு இருந்தேன்."

"உங்க மனசு நோகக் கூடாதுன்னுதானுங்கம்மா..."

"இப்ப நோகாதா?" என்றார். அம்மா என்னிடம் அப்படிச் சீறிப் பேசி நான் பார்த்ததில்லை. பிடித்திருந்த என் கையை விட்டார். "தெனமும் கைய எம் மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்களே. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வெளிய மட்டும் வெச்சிருக்க மாட்டனா? ஏன் சொல்லலீன்னு இனி நான் அவியகிட்ட எங்க போய்க் கேக்கறது?"

இனிமேல் வெளியே மட்டும் வையுங்கள் என்று கெஞ்சினேன். காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அடுத்து வெளியே போக வேண்டியிருந்தது ஒரு டிராக்டர் பிளாக். கருமத்தம்பட்டிக்காரர் வண்டியோடு வந்து அவசரப்பட்டுக்கொண்டிருந்தார். கழுவி, துடைத்து, ஆயில் பூசி எல்லாம் முடிந்திருந்தது. "கொஞ்சம் இருங்க" என்று ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்தேன். டீ வாங்கிக் கொடுத்தேன். டம்ளர் காலியாகிவிட்டது. அம்மா தட்டோடு வரும் வீட்டுப் பக்கத்துக் கதவு சாத்தியே இருந்தது.

"ஏனுங்க, இன்னும் வேலை ஏதாச்சும் பாக்கி இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஆளுக்கொரு பக்கம் பிடித்து பிளாக்கை வண்டியில் ஏற்றினோம்.