சத்தமில்லாத ஜெபம்

என் தம்பியால் வாயைத் திறக்க முடியவில்லை என்ற செய்தி, முதலில் பல்வலி என்றுதான் என்னிடம் வந்தது. சாந்தன்பாறை ஏலத்தோட்டத்திலிருந்து அவன் மனைவி பேசினாள்.

"கடவாப்பல்லா இருக்கும் மதினி. கஞ்சிகூட எறங்கல. கழுத்தும் புடிச்சிருக்குன்னு சொல்லுதாவ."

பாலக்காட்டில், பாடம் நடத்தக் கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். கழுத்து என்று அவள் சொன்னதும் கைப்பையைக் கீழே வைத்துவிட்டு, காலில் ஏதாவது குத்தியதா என்று கேட்டேன். குத்தியிருந்தது. மூங்கில் சிலாம்பு ஒன்று உள்ளங்காலில் ஏற, பிடுங்கி எறிந்துவிட்டுக் காப்பித்தூளை அப்பிக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறான்.

"ஊசி போட்டானா?"

"இரும்பு குத்தலையே மதினி. மூங்கிதான?"

தோட்டத்தில் அதுதான் வழக்கம். துருப்பிடித்த ஆணியோ கத்தியோ பட்டால் ஊசிக்கு ஓடுவார்கள். மண்ணும் முள்ளும் அன்றாடம் பழகியவை. அவற்றுக்கு யாரும் அஞ்சியதில்லை. நோயின் வித்து மண்ணில்தான் கிடக்கிறது, ஆணி அதைச் சுமந்துவரும் பலவற்றில் ஒன்று மட்டுமே என்ற செய்தி அந்த மலைக்கு ஏறி வரவே இல்லை.

மலையிறக்கி மருத்துவக் கல்லூரியில் சேர்ப்பதற்குள் அவன் முதுகு வில்லாக வளைந்துவிட்டது. ரணஜன்னி, டெட்டனஸ் என்றார் மருத்துவர். அவர் விளக்கத் தொடங்கியபோது நான் கையெடுத்துத் தடுத்தேன். அதற்கு மேல் கேட்க எனக்குத் துணிவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை.

ஆண்டுதோறும் நான் நடத்தும் பாடம் அது. நரம்பின் முனையில் நுண்ணிய பைகள் உண்டு. தசையை முறுக்கும் நரம்பிடம் 'போதும்' என்று சொல்லும் வேதிப்பொருள் சில நரம்புகளின் பைகளில் இருக்கிறது. பை, செல்லின் உறையோடு ஒட்டி ஒன்றானால்தான் அது வெளியே கொட்டும். ஒட்டவைப்பவை ஸ்நேர் என்னும் புரதங்கள். பையிலிருந்து ஒரு புரதமும் உறையிலிருந்து இரண்டும் நீண்டு, ஒன்றையொன்று சுற்றிப் பின்னிக்கொண்டு, இரு சவ்வுகளையும் நெருக்கி இணைத்துவிடும். சடை பின்னுவதைப் போல என்று வகுப்பில் சொல்வேன். கோவிந்தாபுரத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்து, "சடையக் கத்தரிச்சுப்போட்டா என்னாகுமுங்க மிஸ்?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. பை வாசல்வரை வந்து அங்கேயே நின்றுவிடும் என்று சிரித்தபடியே நானும் பதில் சொன்னேன்.

டெட்டனஸ் நஞ்சு அந்தக் கத்தரிதான். காலிலிருந்து நரம்பின் வழியே தண்டுவடத்துக்கு ஏறி, பையின் புரதத்தை வெட்டிவிடுகிறது. அதன்பின் 'போதும்' என்று சொல்ல உடலில் யாருமில்லை. கொடுக்கப்பட்ட எதிர்மருந்து, நரம்புக்கு வெளியே திரியும் நஞ்சை மட்டுமே பிடிக்கும். உள்ளே நுழைந்துவிட்டதைத் தொடாது. செல்கள் புதிய புரதத்தைச் செய்துகொள்ளும்வரை அவன் மூச்சு நிற்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எத்தனை வாரம் என்று யாராலும் சொல்ல இயலவில்லை. இவ்வளவும் தெரிந்திருந்தது எனக்கு. தெரிந்த ஒன்றும் அவனுக்கு ஒரு சொட்டுத் தண்ணீராகக்கூட உதவவில்லை.

தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்தார்கள். அறையை இருட்டாக்கினார்கள். நடைவழியில் யாரோ தம்ளரைக் கீழே போட்டபோது, குதிகாலும் பின்தலையும் மட்டும் கட்டிலில் பட அவன் உடல் எழும்பி நின்றது. மயக்கத்துக்கு மருந்து ஏறிக்கொண்டிருந்தும், கண்ணோரம் நீர் வழிந்தது. "சேச்சி, ஒச்ச வேண்டா," என்று செவிலி என் காதருகே சொன்னாள். சத்தம் எழாதிருக்க நான் வளையல்களைக் கழற்றிப் பைக்குள் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்த கையோடு சபையார் ஜீப்பில் வந்திறங்கினார்கள். நோயாளியின் தலைமாட்டில் நின்று பாடி, உரக்க ஜெபிப்பது எங்கள் சபையின் வழக்கம். சத்தம் குறைந்தால் விசுவாசம் குறைவு என்று நினைப்பவர்கள். நான் கதவை மறித்து நின்றேன்.

ஜெபத்தை நடத்தும் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "என்ன டீச்சர், கர்த்தர் வார வழிய மறிச்சிட்டு நிக்கீங்க?"

"சத்தம் கேட்டா அவன் மூச்சு நின்னுரும்மா. மனசுக்குள்ள ஜெபிங்க."

"மனசுக்குள்ளயா? நம்ம சபையில அது யாருக்கு வரும்?"

தம்பி மனைவி அழுதாள். "படிச்சிட்டா ஜெபமும் வேண்டாமா மதினி? பெறகு எதத்தான் நம்பச் சொல்லுதீங்க?"

கதவை மயிரிழை திறந்து, இருட்டில் கிடந்தவனை அந்த அம்மாவுக்குக் காட்டினேன். அவர் முகம் மாறியது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடைவழிச் சுவரோரம் உட்கார்ந்தார். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். உதடுகள் மட்டும் அசைந்தன. பழக்கமில்லாத அந்த வேலையில் சிலருக்கு வியர்த்தது. நானும் உட்கார்ந்தேன். நான் வேண்டியது ஒரு புரதத்துக்காக. அதைக் கர்த்தரிடம் எந்தப் பெயரில் கேட்பது என்று தெரியாமல் தலைகுனிந்திருந்தேன்.

வாரங்கள் போயின. ஒரு காலையில் அவன் பல் வரிசைக்கிடையே கரண்டியின் விளிம்பு நுழைந்தது. கஞ்சி உள்ளே போனது.

வீடு திரும்பும் நாளில் செவிலி தடுப்பூசியோடு வந்தாள். இந்த நோய் வந்துபோனாலும் உடல் அதை எதிர்க்கக் கற்றுக்கொள்வதில்லை. ஊசிதான் கற்றுத்தர வேண்டும். "இப்பந்தான் இரும்பு குத்துது, என்னக்கா?" என்றான், கரகரத்த குரலில். "அடுத்தது எனக்கு," என்று அவன் மனைவி கையை நீட்டினாள்.

அடுத்த ஞாயிறு சபையார் அவன் வீட்டுக்கு வந்தார்கள். அந்த அம்மா வாசலிலேயே நின்று, என்னிடம் தாழ்ந்த குரலில், "இப்பம் பாடலாமா டீச்சர்?" என்று கேட்டார். நான் தம்பியைப் பார்த்தேன்.

"பாடுங்கம்மா," என்றான் அவன்.

முதல் அடி எழுந்ததும் அவன் கால் வெடுக்கென்று துள்ளியது. பாட்டு நின்றுவிட்டது. அவன் மனைவி அந்த முழங்காலின்மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து மெல்லப் பாடத் தொடங்கினாள்.