கிளமென்ட்டும் காலி லாரியும்

பாலக்கரை கிளமென்ட்டுக்குக் காலி லாரி ஓட்டுவது அறவே ஆகாது. "சரக்கே இல்லாத லாரிக்கு எதுக்குங்க டீசலு, எதுக்குங்க புகை?" என்பார். ஸ்ரீரங்கத்தில் வெங்காய மூட்டைகளை இறக்கினால், திரும்பும்போது வாழைத்தாராவது பந்தல் கீற்றாவது ஏற்றாமல் கிளம்பமாட்டார்.

எழுபத்தொன்பதில், டீசல் தட்டுப்பாட்டுக் காலத்தில், ஒருநாள் ஏற்ற ஒன்றுமே கிடைக்கவில்லை. விடுவாரா மனுஷன்? சரக்குத் தேடி, காலி லாரியிலேயே ஸ்ரீரங்கம் வீதிகளையும் திருவானைக்காவலையும் நாலு சுற்று சுற்றினார். ஐந்தாவது சுற்றில் டீசல் தீர்ந்து லாரி நின்றுவிட்டது.

நெல் மூட்டைகளை இறக்கிவிட்டு வெறும் மாட்டுவண்டியோடு பாலக்கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்த பிச்சை, இரக்கப்பட்டு லாரியைக் கயிறு கட்டி இழுத்தார். மாடுகளுக்கு நுரை தள்ளியது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கிளமென்ட் பூரித்துப்போனார்.

"பாத்தீங்களாண்ணே! உங்க வண்டி காலியா திரும்பல!"