திங்கட்கிழமை பிரேக்

ரிம் பிரேக் மழையில் பிடிக்குமா, பிடிக்காதா? மகள் விழுந்த பிறகு நான் கேட்டது இந்த ஒரு கேள்விதான். என் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு கணக்கைக் கொடுத்தால் சரியோ பிழையோ ஒரு விடை வரும். சைக்கிள் ஓட்டுகிறவர்களிடம் கேட்டால் பத்து விடை வருகிறது. ஒவ்வொன்றும் மற்ற ஒன்பதையும் திட்டுகிறது.

சைக்கிளை அனுப்பியது கொழும்பில் இருக்கும் என் தம்பி. ஜப்பானிலிருந்து கப்பலில் வந்து இறங்கும் பழைய மவுண்டன் பைக்குகளில் ஒன்று. தடித்த டயர், இரும்பு ரிம். சக்கரத்தின் அந்த வளையத்தையே இரண்டு பக்கமும் ரப்பர் கட்டைகள் கவ்விப் பிடித்து நிறுத்தும். அதுதான் ரிம் பிரேக். நடுவில் தனியாக ஒரு தகடு வைத்து அதைப் பிடிப்பது டிஸ்க் பிரேக். ஐம்பதை நெருங்கும் வயதில் நான் இதையெல்லாம் கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று.

மகளுக்குப் பத்தொன்பது வயது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, முடிவு வரும் வரை ஹட்டனில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். எங்கள் வீடு தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிஷனில். அங்கிருந்து பெக்டரியைத் தாண்டி, நோட்டன் பிரிட்ஜ் போகும் பெரிய ரோட்டில் போய் விழும்வரை ஒரே இறக்கம். பஸ்ஸுக்கு நடந்தால் முக்கால் மணி நேரம், சைக்கிளில் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடமும் நான் வாசலிலேயே நிற்பேன். பெக்டரி வளைவில் சைக்கிள் கிரீச்சென்று கத்தும் சத்தம் மேலே வரை கேட்கும். கேட்டதும் இரண்டு காதையும் பொத்திக்கொள்வேன். "அந்தக் கத்தலை ஒருக்கா யார்கிட்டயாவது காட்டி நிப்பாட்டு" என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்.

அவளும் ஒரு குறை சொல்லிக்கொண்டிருந்தாள். "திங்கக்கிழமைன்னா இந்த பிரேக்குக்கு என்னமோ ஆயிடுதும்மா. வழுக்குது. செவ்வாய்க்கிழமை சரியாயிடுது."

"திங்கக்கிழமைன்னா உனக்குத்தான் என்னமோ ஆயிடுது. வகுப்புக்குப் போக உடம்பு வணங்கல" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். அவளோடு சைக்கிள் ஓட்டும் கூட்டாளிகள் அதற்குத் திங்கட்கிழமை பிரேக் என்றே பெயர் வைத்துவிட்டார்களாம்.

விழுந்ததும் ஒரு திங்கட்கிழமைதான். லேசான மழை. காலைப் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு மலைக்குப் போய்க்கொண்டிருந்த கொழுந்து எடுக்கும் பெண்களில் ஒருத்தி எனக்குப் போன் எடுத்தாள். "டீச்சர், பயப்படாதீங்க. மக விழுந்துட்டாங்க. பேசுறாங்க, நல்லாத்தான் பேசுறாங்க." பயப்படாதீங்க என்று ஒருவர் தொடங்கினால் அதற்குப் பிறகு சொல்வது எதுவும் காதில் விழுவதில்லை. நான் ஸ்கூலுக்குக் கட்டிய சேலையோடு அந்த இறக்கத்தில் ஓடினேன். செருப்பு எங்கே கழன்றது என்று இன்றுவரை தெரியாது.

அவள் ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்கு அந்தப் பக்கம் தேயிலைச் செடிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. நெற்றியெல்லாம் கீறல். பெரிய ரோட்டில் பஸ் வந்ததாம். இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்தும் சைக்கிள் நிற்கவில்லையாம். பஸ்ஸில் போய் விழுவதை விடத் தேயிலைக்குள் விழலாம் என்று அவளே திருப்பியிருக்கிறாள். அந்த யோசனை வர அவளுக்கு எவ்வளவு நேரம் இருந்திருக்கும்?

ஆஸ்பத்திரியில் கைக்குப் பிளாஸ்டர் போட்டு வீட்டுக்கு வந்ததும், அவள் சைக்கிள் கூட்டாளிகளின் வாட்ஸ்அப் குழுவில் என்னையும் சேர்த்துவிடச் சொன்னேன். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கத்துப் பிள்ளைகள். சனி ஞாயிறுகளில் மலை ரோடுகளில் ஓட்டுகிறவர்கள். அதில் என் கேள்வியைப் போட்டேன். அவ்வளவுதான்.

"டிஸ்க் போடுங்க ஆன்ட்டி. ரிம் பிரேக் எல்லாம் மியூசியத்துல வைக்கிற சாமான்."

"டிஸ்க் வளைஞ்சா பட்டிப்பொல மலையில நின்னுக்கிட்டு யாரைக் கூப்பிடுவ? உங்க மாமனாரையா? ரிம் பிரேக்னா கையில ஒரு சாவி இருந்தாப் போதும்."

"முன் பிரேக்கைத் தொட்டிருப்பாங்க. தொட்டா தலைகீழ்தான்."

"முன் பிரேக்தான் பிரேக். பின்னால இருக்கிறது மனசு திருப்திக்கு."

"விட்டு விட்டுப் பிடிக்கணும் ஆன்ட்டி."

"மழையில விட்டு விட்டுப் பிடிச்சா செத்தோம். லேசா பிடிச்சிக்கிட்டே வரணும், அப்பதான் ரிம்முல தண்ணி துடைஞ்சு போகும்."

"அலுமினிய ரிம்னா பரவாயில்ல. இரும்பு ரிம் மழையில சவுக்காரம் மாதிரி."

நடுவில் ஒருவர் மட்டும், "ரிம்முல எண்ணெய் ஏதும் பட்டிருக்கா? விரலால தொட்டுப் பாத்தீங்களா?" என்று கேட்டிருந்தார். அதற்குக் கீழே உடனே, "ரிம்முக்கு யாராவது எண்ணெய் போடுவாங்களா?" என்று ஒரு பதில். அதற்குக் கீழே வரிசையாகச் சிரிக்கும் முகங்கள். நானும் படித்துவிட்டு அதைக் கடந்து போய்விட்டேன். என் மகள் கையில் பிளாஸ்டரோடு படுத்திருக்கிறாள், இவர்கள் சிரிக்கிறார்களே என்று எரிச்சலாக இருந்தது.

பள்ளிக்கூடத்திலும் விடவில்லை. எங்கள் கணக்கு ஆசிரியர் யாழ்ப்பாணத்துக்காரர். பிறந்ததிலிருந்து சைக்கிளில்தான் திரிந்ததாகச் சொல்வார்.

"ரீச்சர், நான் சொல்லுறன் எண்டு கோவிக்காதேங்கோ. பிரேக்கில ஒரு பிழையும் இல்லை. எங்கட பக்கம் பிரேக் இல்லாத சைக்கிளிலதான் நாங்கள் படிச்சு முடிச்சனாங்கள். காலை ஊண்டினால் நிக்கும்."

"அங்க மலை இல்லையே சேர்."

"அதைத்தான் சொல்லுறன். உங்கட மலைதான் பிழை."

ஸ்டாப் ரூமில் எல்லோரும் சிரித்தார்கள். நான் டீயை வைத்துவிட்டு வகுப்புக்குப் போய்விட்டேன். அன்று பிள்ளைகள் பாவம்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும், ஒரு திரீவீலின் பின்னால் சைக்கிளை ஏற்றிக்கொண்டு ஹட்டனுக்குப் போனேன். அங்கே சைக்கிள் திருத்தும் மேஸ்திரி ஒருவர் இருக்கிறார், எல்லோருக்கும் அவர் பாஸ். அறுபது வயதுக்காரர், வாயில் வெற்றிலை. அவர் குழுக்காரர்கள் மாதிரி ஒன்றும் பேசவில்லை. சைக்கிளைத் தலைகீழாகத் திருப்பி வைத்து, கட்டைகளைப் பார்த்தார். கம்பியை இழுத்துப் பார்த்தார். பிறகு சுட்டுவிரலால் ரிம்மை ஒரு சுற்றுத் தடவி, விரலை மூக்கருகே கொண்டுபோனார்.

"என்னங்க டீச்சர், சைக்கிளுக்குத் தலைக்கு எண்ணெய் தேச்சு விட்டது யாருங்க? சீயக்காய் போடலையா?"

எனக்குச் சட்டென்று புரியவில்லை. பிறகு புரிந்தது.

எங்கள் ஊரில் பனி எதையும் விடாது. காலையில் வெளியே வைத்த கரண்டி மறுநாள் சிவந்திருக்கும். என் அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். வீட்டுக்கு வந்ததும் கவ்வாத்துக் கத்தியை எண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டுத்தான் முகம் கழுவுவார். கதவுக் கொண்டி, மண்வெட்டி, அருவாமனை, எல்லாவற்றுக்கும் அந்தத் துணிதான். இன்றும் என் குசினியில் ஒரு ஆணியில் அது தொங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குப் போய் வந்ததும் நான்தான் சைக்கிளைத் துடைத்து வைப்பேன். சகதியை ஈரத் துணியால், பிறகு இரும்பு தெரிகிற இடத்தையெல்லாம் எண்ணெய்த் துணியால். ரிம் பளபளவென்று இருக்கும். அதற்கு எங்கள் வீட்டில் எண்ணெய் போடுவது என்று பெயரில்லை. துடைப்பது என்றுதான் பெயர். அதனால்தான் எண்ணெய் பட்டதா என்று குழுவில் கேட்டபோதும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை துடைப்பேன். திங்கட்கிழமை வழுக்கும். ஒரு நாள் பிரேக் பிடித்ததில் எண்ணெய் தேய்ந்து செவ்வாய்க்கிழமை சரியாகும்.

"டீச்சர்?" என்றார் பாஸ்.

அப்போது நான் சொன்னதை எழுத வெட்கமாக இருக்கிறது. "தெரியலைங்க பாஸ். புள்ளைங்கதானே... எதையாவது பூசியிருக்கும்" என்றேன்.

"செயினுக்குத்தான் எண்ணெய், ரிம்முக்கு இல்லன்னு மககிட்ட சொல்லுங்க. கட்டை நாலும் எண்ணெய் குடிச்சிருக்கு, மாத்தணும். இரும்பு ரிம், மழை, அதுக்கு மேல எண்ணெய்... மாதா காப்பாத்தியிருக்கா டீச்சர்." அவர் மகளைத் திட்டவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அது இன்னும் மோசமாக இருந்தது.

புதுக் கட்டைகள் போட்ட சைக்கிளோடு வீட்டுக்கு வந்தேன். பாஸ் சொன்னதை மகளிடம் சொல்லவில்லை. "கட்டை தேய்ஞ்சிருச்சாம், மாத்திட்டாரு" என்றேன். அவள் சைக்கிளைப் பார்க்கவே இல்லை.

"மாமாகிட்டயே குடுத்துருங்கம்மா. எனக்கு வேணாம்."

"ஏன்?"

"பிரேக்ல ஒண்ணுமில்ல. நான்தான் லேட்டா பிடிச்சிருக்கேன். குரூப்ல எல்லாரும் அதத்தானே சொல்றாங்க, பிடிக்கத் தெரியலன்னு. என் கையை எனக்கே நம்ப முடியலம்மா."

அவள் அழவில்லை. பிளாஸ்டரின் ஓரத்தை இடது கையால் சுரண்டிக்கொண்டே சொன்னாள். நான் எழுந்து குசினிக்குப் போனேன்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தச் சைக்கிள் வந்த நாளிலிருந்து நான் வேண்டிக்கொண்டது இதைத்தான். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அவள் இனி அந்த இறக்கத்தில் போகமாட்டாள். நான் வாசலில் நிற்க வேண்டியதில்லை. அவள் தன் கையை நம்பாமல் இருப்பாள், அவ்வளவுதானே. பஸ்ஸில் போவாள், உயிரோடு இருப்பாள். இரண்டு நாள் இப்படியே எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் அவள் என் பக்கத்தில் நின்றாள். படிக்கட்டில் இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டாள். மூன்றே மூன்று படி. கால் ஒன்றும் உடையவில்லை. சின்ன வயதிலிருந்து மலையில் ஆட்டுக்குட்டி மாதிரி ஓடிய பிள்ளை, மூன்று படிக்கு என்னைப் பிடித்தது. எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

ஆனால் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லவும் தைரியம் வரவில்லை. வீட்டுக்கு வந்து, அவள் முன் அறையில் இருக்க, நான் குசினியில் நின்றுகொண்டு குழுவில் எழுதினேன். 'எண்ணெய் பட்டிருக்கிறதா என்று ஒருவர் கேட்டிருந்தார். ஆம். ஒவ்வொரு ஞாயிறும் ரிம்மை எண்ணெய்த் துணியால் துடைத்தது நான். மகளின் கையில் பிழை இல்லை.' அனுப்பியதும் முன் அறையில் அவள் போன் ஒலித்தது.

குசினி வாசலில் வந்து நின்றாள். ஆணியில் தொங்கிய துணியைப் பார்த்தாள்.

"எப்பயிருந்தும்மா?"

"சைக்கிள் வந்ததுல இருந்து. துருப்பிடிக்காம இருக்கட்டும்னுதான்..."

"திங்கக்கிழமை வழுக்குதுன்னு எத்தன தடவ சொன்னேன். உடம்பு வணங்கலன்னு என்னையத்தானே சொன்னீங்க."

"ஆமா."

"பாஸ்கிட்ட போனீங்களே. அவருக்குத் தெரியுமா?"

"நீ பூசியிருப்பேன்னு சொல்லிட்டேன்."

அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப் போவதில்லை. துணியை ஆணியிலிருந்து எடுத்து அடுப்பில் போட்டாள். எண்ணெய்த் துணி, குப்பென்று எரிந்தது. "மண்வெட்டிக்கு?" என்று என் வாயில் வந்துவிட்டது. நல்லவேளை, கேட்கவில்லை. மூன்று நாள் அவள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நாலாம் நாள், "பாஸ்கிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க" என்றாள். போய்ச் சொன்னேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "எங்க வீட்டுலயும் அப்படித்தாங்க, காத்தாடிக்கே எண்ணெய் தடவுவா" என்றார்.

குழுவில் நான் எழுதியதை யாரும் ஒழுங்காகப் படித்த மாதிரித் தெரியவில்லை. அன்று மாலையே ஒருவர், அதனால்தான் டிஸ்க் வேண்டும் என்கிறேன் என்று ஆரம்பித்தார். டிஸ்கில் எண்ணெய் பட்டால் இன்னும் மோசம் என்று இன்னொருவர். இன்றுவரை முடியவில்லை. எண்ணெயைப் பற்றிக் கேட்ட அந்த ஒருவர் மட்டும் தனியாக ஒரு செய்தி அனுப்பினார்: "எங்கம்மாவும் துடைச்சாங்க ஆன்ட்டி."

பிளாஸ்டர் வெட்டி மூன்று வாரம் கழித்து அவள் சைக்கிளை எடுத்தாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லும் உரிமையை எப்போது தொலைத்தேன் என்று எனக்குத் தெரியும். ரிம்மில் கம்பிகள் சேரும் இடங்களில் பழுப்பாகத் துரு ஏறத் தொடங்கியிருந்தது.

"பிடிக்கட்டும், தொடாதீங்க" என்றாள்.

"நான் என்ன சொன்னேன்?"

"கை நீளுதே, அதான் சொன்னேன்."

மழை தூறிக்கொண்டுதான் இருந்தது. அவள் இறங்கிப் போனாள். வாசலில் நின்று கையைச் சேலைக்குள் சுருட்டிக்கொண்டு காத்திருந்தேன். பெக்டரிக்கு மேலே பனி. ஒன்றும் தெரியவில்லை. எண்ணிக்கொண்டே இருந்தேன், நாற்பதைத் தாண்டிவிட்டது. பிறகு கீழே வளைவில் அந்தச் சத்தம் கேட்டது. கிரீச்சென்று, பல்லைக் கூச வைக்கும் சத்தம். பக்கத்து வீட்டு அம்மா தலையை நீட்டி, "என்னங்க டீச்சர் இது, காது கிழியுது, ஒருக்கா எண்ணெய் போடக் கூடாதா?" என்றாள்.