பெரிய டாக்டர் பார்க்காத சீட்டு

என் ரத்தக்கொதிப்பு மாத்திரைகளைப் போட்டு வைத்திருக்கும் பிஸ்கட் டப்பாவின் அடியில் ஒரு மஞ்சள் சீட்டு கிடக்கிறது. நாலாக மடித்தது. மடிப்பு பிய்ந்துபோய், பிரித்தால் நாலு துண்டாகிவிடும் போல இருக்கும். காலையில் மாத்திரை எடுக்கும்போதெல்லாம் விரல் அதில் படுகிறது. இங்கிலீஷில் மூன்று வரி. நான் ஐந்தாவது வரை படித்தவள், எனக்கு அதை வாசிக்க வராது. ஆனால் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியும். எழுதியவரே வாயால் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதற்குக் கீழே டாக்டர் பதில் எழுத இரண்டு கோடு போட்டிருக்கிறது.

எழுதியவர் எங்கள் ரெக்கார்டு மேடம். விழுப்புரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ரொம்ப வருடம் ஆயாவாக இருந்தேன். முட்டி வலி வந்து குனிந்து துடைக்க முடியாமல் போனபோது என்னை ரெக்கார்டு ரூமுக்கு மாற்றினார்கள். மேடம் தினமும் திண்டிவனத்திலிருந்து ரயிலில் வருவார். என்னைவிட இருபது வயது சின்னவர். ஆஸ்பத்திரியே என்னை ஆயா என்று கூப்பிட, அவர் ஒருத்தர்தான் அக்கா என்று கூப்பிட்டார். நோயாளி வீட்டுக்குப் போன பிறகு அவருடைய ஃபைல் எங்களிடம் வரும். மேடம் அதைப் படித்து, அட்டையின் மேல் சிவப்பு மையில் நோயின் நம்பரை எழுதுவார். உலகத்தில் இருக்கிற எல்லா நோய்க்கும் ஒரு நம்பர் இருக்கிறதாம். வெறும் ரத்தக்கொதிப்பு என்றால் ஐ-10. கொதிப்போடு இருதயமும் கெட்டிருந்தால் ஐ-11. கொதிப்போடு சிறுநீரகம் கெட்டிருந்தால் ஐ-12. இரண்டுமே கெட்டிருந்தால் ஐ-13. நம்பரைப் பார்த்து அலமாரியில் வைப்பது என் வேலை. ஐ-10 ஜன்னல் பக்கத்துத் தட்டு, எப்போதும் பிதுங்கிக்கொண்டு நிற்கும். ஐ-13 கீழ்த்தட்டு, அதற்கு மட்டும் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். எனக்கு அவை நோய்களாகத் தெரியவில்லை, தட்டுகளாகத்தான் தெரிந்தன. நான் செய்த தப்பு அங்கே ஆரம்பித்தது என்று இப்போது நினைக்கிறேன்.

மேடம் ஃபைலைக் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பார். முன்பக்கம் டாக்டர் அவசரத்தில் எழுதுவது, பின்பக்கம் லேபுக்காரர்கள் ஒட்டுவது, டிஸ்சார்ஜ் ஆன பிறகு வந்த ரிசல்டை டாக்டர் பார்க்காமலே விட்டிருப்பார் என்பார். அப்படி ஏதாவது கண்ணில் பட்டால் தானாக நம்பரை மாற்ற அவருக்கு அதிகாரம் கிடையாது. “எனக்கே தெரிஞ்சாலும் நான் எழுதக் கூடாதுக்கா. டாக்டர் சொல்லணும், நான் நம்பர் போடணும். அவ்ளோதான் எனக்கு” என்பார். அதற்காகத்தான் மஞ்சள் சீட்டு. சந்தேகத்தை எழுதி ஃபைலோடு கொடுப்பார், நான் பெரிய டாக்டரிடம் எடுத்துப் போவேன், அவர் பதில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவார். கையெழுத்தோடு சீட்டு திரும்பி வராமல் மேடம் சிவப்புப் பேனாவைத் திறக்கவே மாட்டார்.

பெரிய டாக்டருக்கு அந்தச் சீட்டு என்றாலே பிடிக்காது. ஒரு நாள் நோயாளிகள் நிறைந்திருந்த அறையில் சீட்டைத் தூக்கிக் காட்டி, “ஏம்மா ஆயா, உங்க மேடம் எந்த காலேஜ்ல டாக்டருக்குப் படிச்சாங்க? சொல்லு, நானும் போய்ச் சேர்ந்துக்கறேன்” என்றார். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஊசி போட்டுக்கொள்ள வந்த ஒரு கிழவர், “ஆயாவையும் சேத்துக்கினு போங்க சார், கூட்டிப் பெருக்க ஆளு வேணுமில்ல” என்றார். இன்னும் சிரிப்பு. நான் சின்ன வயதிலிருந்தே நாலு பேர் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்கிறவள். என் கல்யாணத்தில்கூடத் தலை நிமிரவில்லை என்று சொல்வார்கள். அன்றைக்குப் பிறகு அந்த அறையில் கூட்டம் இருந்தால் நான் வாசலிலேயே நின்றுவிடுவேன்.

அந்த வருடம் நடவு நேரத்தில் என் தங்கச்சியை எங்கள் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அவளைக் கோலியனூரில் கொடுத்திருந்தது, கூலிக்கு நடவு நடுகிறவள். வயலில் தலை சுற்றி விழுந்துவிட்டாள். மூன்று நாள் படுக்கையில் இருந்தாள். மூன்று நாளும் வாய் ஓயவில்லை. “இன்னாக்கா, இப்டி காத்தாடிக்குக் கீழ படுத்துக்கினு இட்லி துன்னா யாருக்குத்தான் கொதிப்பு எறங்காது? உங்க டாக்டர வந்து ஒரு நாளு எங்க கழனில குனியச் சொல்லு, அவருக்கும் பிபி ஏறும்” என்று நர்ஸுகளைச் சிரிக்க வைத்தாள். அவள் என் தங்கச்சி என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிபாரிசுக்கு வருகிறேன் என்று நினைப்பார்களோ என்று கூச்சம். மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். பஸ் ஏறும்போது அடுத்த வாரமே நடவுக்குப் போய்விடுவேன் என்றாள்.

மறுநாள் அவளுடைய ஃபைல் எங்கள் மேஜைக்கு வந்தது. மேடம் பின்பக்கத்தைப் புரட்டி நிறுத்தினார். “ரத்தத்துல உப்பு ஏறியிருக்கு. யூரின்ல புரோட்டீன் போவுது. டாக்டர் வெறும் பிபின்னு எழுதியிருக்காரு. கிட்னியும் உண்டான்னு கேட்டுக்கினு வாங்கக்கா. உண்டுன்னா ஐ டுவெல்வ்” என்று சீட்டை எழுதிக் கொடுத்தார். யாருடைய ஃபைல் என்று எனக்குத் தெரியும். அவளுக்கு என்ன ஆபத்து என்று தெரியாது என்று சொன்னால், அது பாதிப் பொய். ஏதோ சரியில்லை என்று உள்ளே ஒன்று தட்டியது. ஆனால் ஆள்தான் நடந்து வீட்டுக்குப் போய்விட்டாளே, காகிதம் இந்தத் தட்டில் இருந்தால் என்ன, அந்தத் தட்டில் இருந்தால் என்ன என்று அதன் வாயை அடைத்தேன்.

டாக்டர் அறை வாசலில் நின்றேன். “உள்ள போங்க ஆயாம்மா” என்று நர்ஸ் இரண்டு தடவை சொன்னாள். கூட்டம் குறையட்டும் என்றேன். குறையவில்லை. நாலு மணிக்கு மேல் டாக்டரே வெளியே வந்தார், கையில் கார் சாவி. என்னைப் பார்த்து நின்றார். “என்னம்மா?” என்றார். அன்றைக்கு அவர் குரலில் கோபம்கூட இல்லை. ஃபைல் என் மார்பில் இருந்தது, சீட்டு உள்ளங்கையில் இருந்தது. “ஒண்ணுமில்லீங்க சார்” என்றேன். அவர் போய்விட்டார். கையை ஒரு சாண் நீட்டியிருந்தால் போதும்.

ரெக்கார்டு ரூமில் மேடம் பையை மாட்டிக்கொண்டு நின்றிருந்தார். “இன்னா சொன்னாருக்கா?” “கொதிப்பு மட்டும்தான்னு சொல்லிட்டாரு மேடம்.” “சீட்டு?” “அவரே வச்சிக்கினாரு.” மேடம் என்னைப் பார்த்தார். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நின்றபடியே சிவப்புப் பேனாவைத் திறந்து ஐ-10 என்று எழுதினார். நான் ஃபைலை ஜன்னல் பக்கத்துத் தட்டில் செருகினேன். சீட்டு இடுப்பில் சொருகியிருந்தது.

அதற்கு அடுத்த வருடம் தங்கச்சிக்குக் கால் வீங்கியது. சேற்றில் நிற்கிற கால் வீங்காமல் என்ன செய்யும் என்று அவளும் சொன்னாள், நாங்களும் சொன்னோம். முகம் வீங்கிய பிறகுதான் கூட்டி வந்தோம். பெரிய டாக்டர் பழைய ஃபைலை வாங்கிக் கடைசிப் பக்கத்தில் வெகுநேரம் நின்றார். “இது அப்பவே ஆரம்பிச்சிருக்கு. அப்பவே திரும்ப வரச் சொல்லியிருந்தா இன்னும் பல வருஷம் ஓட்டியிருக்கலாம்” என்று ஃபைலைப் பார்த்துச் சொன்னார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. அவள் படுக்கைக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துத்தான் அவள் என் தங்கச்சி என்று மேடத்துக்குத் தெரிந்தது. ஃபைல் மேஜைக்கு வந்ததும் ஐ-12 போட்டார்.

பிறகு வாரத்துக்கு இரண்டு நாள் அரசாங்க ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். ஊசி குத்தி முடிச்சு முடிச்சாகிப்போன கையைக் காட்டி, “பாருக்கா, வளையல் போட எடம் இல்ல” என்பாள். தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு சொம்பு தண்ணீர் முழுசாகக் குடிக்க வேண்டும் என்பதுதான் அவளுடைய ஆசை. கடைசியில் இருதயமும் தளர்ந்து, மூச்சுக்குத் தவித்து எங்களிடம் வந்தாள். இரண்டு நாள்தான். அந்த ஃபைல் மேஜைக்கு வந்தபோது மேடம் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு மை காயும்வரை உட்கார்ந்திருந்தார். பிறகு உதறி, ஐ-13 என்று எழுதினார். “நீங்க வைக்க வேணாங்க்கா. நான் வச்சிக்கறேன்” என்றார். நான் கொடுக்கவில்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து நானே கீழ்த்தட்டில் வைத்தேன்.

மேடம் கொஞ்ச நாளில் வேலையை விட்டார். நானும் நின்றுவிட்டேன். எனக்கும் கொதிப்பு வந்தது. வீடு தேடி வந்து மாத்திரை கொடுக்கிற பெண் போன தை மாதம் என் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துவிட்டு, “பிபி மட்டும்தான் பாட்டி, வேற ஒண்ணுமில்ல” என்றாள். அந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை. மேடம் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்குக் கொடுத்த பத்திரிகை என்னிடம் இருந்தது. அந்த விலாசத்தை வைத்துக்கொண்டு திண்டிவனத்துக்குப் பஸ் ஏறினேன். வாழ்க்கையில் நான் யாரையும் தேடிப் போய்ப் பேசியது அது ஒரு தடவைதான்.

மேடத்துக்குத் தலை நரைத்திருந்தது. இப்போது வீட்டிலேயே கம்ப்யூட்டரில் வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளுக்கு அதே நம்பர் போடுகிற வேலையாம். காபி கொடுத்தார். நான் குடிக்காமல் சீட்டை எடுத்து மேஜைமேல் வைத்தேன். “அன்னிக்கி நான் குடுக்கல மேடம். பொய் சொல்லிட்டேன்” என்றேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். உண்மையில் அதற்காகத்தான் போயிருந்தேன்.

அவர் சீட்டைத் தொடவில்லை. “தெரியும்க்கா” என்றார். “டாக்டர் கையெழுத்து இல்லாம ஒரு ஃபைலுக்காவது நான் நம்பர் போட்டுப் பாத்திருக்கீங்களா?”

“இல்ல மேடம்.”

“அன்னிக்கி ஒண்ணுக்குத்தான் போட்டேன். நீங்க பொய் சொல்றீங்கன்னு மூஞ்சியப் பாத்தாலே தெரிஞ்சிச்சு. ரயில் வண்டி வர்ற நேரம். அத உட்டா ராத்திரிதான் அடுத்தது. நாளைக்கி நானே போய்க் கேட்டுக்கலாம்னு நெனச்சேன். மறுநாளு ஒரு கட்டு ஃபைல் வந்துச்சு.” ஆறிப்போன காபியை என் பக்கம் நகர்த்தினார். “உங்க தங்கச்சின்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா வண்டிய உட்டிருப்பேங்க்கா.”

இத்தனை வருடம் நான் ஒருத்தி செய்தது என்று சுமந்துகொண்டிருந்தேன். இரண்டு பேர் செய்தது என்று தெரிந்தால் பாதியாவது இறங்கும் என்றுதானே யாரும் நினைப்பார்கள். இறங்கவில்லை. அந்த வீட்டில் அப்போது அவர்மேல் எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. என் தங்கச்சி என்றால் வண்டியை விடலாம், கோலியனூர்க் கூலிக்காரி என்றால் விடக் கூடாதா என்று கேட்டிருக்க வேண்டும். வாய் வரவில்லை. இந்த வாய் எப்போது வந்தது?

கிளம்பும்போது அவர் சீட்டை மடித்து என் கையில் வைத்து விரல்களை மூடினார். “நீங்களே வச்சிக்கங்க. என் வூட்ல இது வேணாம்” என்றார். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இன்று காலையும் டப்பாவைத் திறந்தேன். மாத்திரையை எடுத்தேன், விரல் சீட்டில் பட்டது. பிரித்துப் பார்த்தேன். மூன்று வரிக் கேள்வி, கீழே இரண்டு கோடு, கோட்டின் மேல் ஒன்றும் இல்லை. ஒரு சொம்பு தண்ணீரை முழுசாகக் குடித்து மாத்திரையை விழுங்கினேன். சீட்டை நாலாக மடித்துத் திரும்ப அடியில் போட்டேன்.