தேவசகாயம் அடித்துவிட்ட அலங்காரம்

சென்ற செவ்வாய்க்கிழமை தாலுகா கச்சேரி வாசலில் மனு எழுதிக்கொண்டிருந்தேன். புதூர்நாட்டு மலையிலிருந்து புளி மூட்டையோடு இறங்கிய ஒருவர் எதிரே நின்று, "தேவசகாயம் ஐயா தவறிப் பூட்டாருங்க. அவுங்க வூட்டு வழியாதான் வர்றேன்" என்றார். பேனாவை மூடி வைத்தேன். பதினைந்து வருஷம் ஒரே மரத்தடியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மனு எழுதியவர்கள் நாங்கள்.

அவரை அறிந்து இந்த அஞ்சலியைப் படிக்கும் உங்களுக்கு அவருடைய குத்தல் வாயும் தெரியும்.

யுத்தம் தொடங்கிய வருஷம், முதல் மழை விழுந்த வாரம். புதூர்நாட்டுச் சின்னானின் ஏர் மாடுகள் இரண்டையும் காட்டிலாகாக் காவலர் பிடித்துப் பட்டியில் அடைத்துவிட்டார். மாடு வராவிட்டால் அந்த வருஷத்துச் சாமை விதைப்பு போச்சு. சின்னான் என்னிடம் வந்தார். நானும் எழுதினேன், அப்படி எழுதினேன்! காட்டிலாகாத் துரையைக் கருணைக் கடல் என்றேன், நீதியின் சூரியன் என்றேன். எங்கள் தொழிலில் அதுதான் வழக்கம். புகழ்ச்சி குறைந்தால் எழுதச் சொன்னவருக்கே திருப்தி இராது. மாடு கடைசி வரியில்தான் வந்தது. துரை அதுவரை படிக்கவே இல்லை. 'இந்த ஆளுக்கு என்ன வேண்டும்?' என்று ஓரத்தில் எழுதித் திருப்பிவிட்டார்.

தேவசகாயம் அதை வாங்கிப் பார்த்தார். "இன்னாய்யா இது, மனுவா தேரா? இங்கிலீஷ்ல இதுக்கு ஆர்னேட்னு பேரு."

"அலங்காரம் நிறைந்தது என்று அர்த்தம். நல்ல சொல்தானே?" என்று முறைத்தேன்.

"தேருக்குச் சொல்லு, வாசக்காலுக்குச் சொல்லு, நல்லாத்தான் இருக்கும். சாயற எடத்துல பூவேல செஞ்ச நாக்காலிக்கும் அதான் பேரு. முதுவு குத்தும்ல? மாடு பட்டியில பசியா கெடக்குது. அதுக்கு எதுக்குய்யா சிங்காரம்?"

எனக்கு ஆத்திரமான ஆத்திரம். அவர் பாட்டுக்கு என் வரிகளை அடித்துத் தள்ளினார். புதுத் தாளில் எழுதியது நான்கே வரி: மாடு யாருடையது, எங்கே பிடித்தார்கள், விதைப்பு எப்போது, மாட்டை விடவும். கீழே, எழுதியவர் என்ற இடத்தில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். "உன்ன நம்பி வந்த ஆளு" என்றார்.

மறுநாளே மாடுகள் வந்துவிட்டன. சின்னான் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பக்கத்தில் தேவசகாயம் வேறு மனு எழுதிக்கொண்டிருந்தார், தலையைக்கூடத் தூக்கவில்லை. அதன் பிறகு மலைக்காரர்கள் என்னையே தேடி வந்தார்கள். பலாப்பழம் வந்தது, பெயர் வந்தது. நான் வாயே திறக்கவில்லை. நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அவரிடமிருந்து எனக்குத் தங்கியது அடிக்கும் பழக்கம். இந்த அஞ்சலியிலும் பாதியை அடித்துவிட்டேன். மிச்சம் இதுதான்: சின்னானின் மாடுகளை மீட்ட மனுவை நான் எழுதவில்லை. தேவசகாயம் எழுதினார்.