காற்று இருக்கிறதா என்று கேட்டவருக்கு வண்டி ஓட்டினேன்

கோழி லோரி ஓட்டின காலத்தில் பின்னால் இருப்பவை என்ன பேசிக்கொள்கின்றன என்று நான் கவலைப்பட்டதே இல்லை. விஞ்ஞானிகளை ஏற்ற ஆரம்பித்த பிறகுதான் டிரைவருக்குக் காது எவ்வளவு பெரிய தொந்தரவு என்று தெரிந்தது. உங்களில் ஆபீஸ் வேன் ஓட்டுகிறவர்கள் இருப்பீர்கள். நாம் பார்ப்பது ரோட்டை. கேட்பது முழுக்க அடுத்தவர் கவலை. கேட்டதாகக் காட்டிக்கொள்ளவும் கூடாது.

என் பெயர் மாரி. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரைக்கும் படித்தவன், மலேசியாவில் கிள்ளான்காரன். ஒரு பல்கலைக்கழகத்தில் வான ஆராய்ச்சிப் பிரிவுக்கு நாலு வருஷம் வேன் ஓட்டினேன். பெரும்பாலும் ஒரே ஆளுக்குத்தான். டாக்டர் குகநேசன். அவர் தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வேயில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, வந்தவராம். அந்த வீட்டில் இன்னும் அந்த ஊர்த் தமிழ்தான்.

எதை ஏற்றுவது?

முதல் நாள் பிரிக்பீல்ட்ஸில் அவர் அபார்ட்மென்ட் வாசலில் வேனை நிறுத்தி, பின் சீட்டையெல்லாம் மடித்து வைத்திருந்தேன். டெலஸ்கோப்காரர் என்று ஆபீஸில் சொல்லியிருந்தார்களே, குழாயை ஏற்ற இடம் வேண்டாமா? மனிதர் ஒரு லெப்டாப் பையும் சாப்பாட்டு டப்பாவுமாக இறங்கி வந்தார். "டெலஸ்கோப் எங்க டாக்டர்?" என்றேன். விரலை மேலே காட்டினார். மேல்மாடி என்று நினைத்து நான் படியேறப் போனேன். "அங்க இல்லை அண்ணே, அது நிலாவையும் தாண்டி நிக்குது" என்றார்.

போகிற வழியெல்லாம் விளக்கினார். இங்கிருந்து பதினைந்து லட்சம் கிலோமீட்டர். வேறு நாட்டுக்காரர்கள் அனுப்பியது. ஆனால் யார் வேண்டுமானாலும் வருஷத்துக்கு ஒரு தடவை மனுப் போடலாம், இந்த நட்சத்திரத்தை இத்தனை மணி நேரம் பார்த்துச் சொல்லுங்கள் என்று. கெட்டுப்போனால் யார் போய்ச் சரிசெய்வார்கள் என்று கேட்டேன். ஒருவரும் போக முடியாதாம். அந்த வாரம் வேனை சர்வீஸுக்கு விட்டபோது மெக்கானிக் ஆ லெக்கிடம் இதைச் சொன்னேன். வீல் நட்டை முடுக்கிக்கொண்டே சொன்னான்: "ரிப்பேர் செய்ய முடியாத வண்டிய அவ்வளவு தூரம் எவன்லா அனுப்புவான்?"

பெயர் இல்லாத மனு

டாக்டர் பார்க்கக் கேட்டது ஒரே ஒரு சின்னக் கோளை. அது தன் நட்சத்திரத்துக்கு முன்னால் குறுக்கே போகும்போது, அதன் ஓரத்தை உரசிக்கொண்டு கொஞ்சம் வெளிச்சம் வருமாம். அந்த வெளிச்சத்தைப் பிரித்துப் பார்த்தால், கோளைச் சுற்றிக் காற்று இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடுமாம். மற்ற விஞ்ஞானிகள் அது மொட்டைப் பாறை என்றார்கள். இவர் காற்று இருக்கிறது என்றார். அதிலேயே நின்றார்.

முதல் மனு தள்ளுபடி. "பேரைப் பெருசா போடுங்க டாக்டர், மலேசியான்னும் போடுங்க, சின்ன நாடுன்னு இரக்கப்படுவாங்க" என்று யோசனை சொன்னேன். பெயர் போட்டால் மனுவே செல்லாதாம். யார் கேட்கிறார்கள் என்று தெரியக்கூடாது, கேள்வியை மட்டும்தான் பார்ப்பார்களாம். இரண்டாவது மனுவுக்குப் பதில், பெடரல் ஹைவே ஜாமில் நிற்கும்போது போனில் வந்தது. படித்தார். போனைக் கவிழ்த்து மடியில் வைத்தார். முன்னால் நின்ற சிமெண்டு லோரி நகர்ந்தது. அப்புறம் சொன்னார்: "கேள்வி நல்ல கேள்வியாம் அண்ணே. கேக்கிற ஆக்கள்தான் கூடிப் போச்சாம்."

பக்கத்துக் கட்டில்

இதற்குள் அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். கொண்டுபோய் விட்டு நாலு மணி நேரம் காத்திருப்பேன். அது ஆபீஸ் வேலையில் சேருமா என்று யாரும் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. ஒரு கையில் குழாய். இன்னொரு கையால் லெப்டாப்பில் மூன்றாவது மனு. அடுத்த கட்டிலில் ஆறுமுகம், கம்போங் மேடான் ஆள். "என்னா பாஸ், படுத்துக்கிட்டும் வேலையா?" என்று ஆரம்பித்தார். டாக்டர் கோள், காற்று, மனு எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னார். ஆறுமுகம் கடைசிவரைக்கும் கேட்டுவிட்டு, "அங்க காத்து இருக்கா இல்லையான்னு பார்க்க உலகமே லைன்ல நிக்குது. எங்க பிளாட்ல பதினாலாவது மாடிக்கு லிஃப்ட் வருதா இல்லையான்னு பார்க்க ஒருத்தன் வரமாட்டேங்கிறான் லா!" என்றார். டாக்டர் சிரித்த சிரிப்பில் மெஷின் கத்த ஆரம்பித்து, நர்ஸ் ஓடி வந்து இரண்டு பேரையும் திட்டினாள்.

மூன்று வாரம் கழித்து அந்தக் கட்டிலில் வேறு ஒருவர் படுத்திருந்தார். டாக்டர் நர்ஸிடம் ஒன்றும் கேட்கவில்லை. திரும்பி வரும்போது வேனில் என்னிடம்தான் கேட்டார்: "அந்த லிஃப்டைத் திருத்திக் குடுத்தவங்களோ, அண்ணே?"

எட்டு மாதம்

மூன்றாவது மனுவுக்கு நேரம் கிடைத்துவிட்டது. அவருடைய மாணவி நூருல், செமினியிலிருந்து வருகிற பெண், போனைத் தூக்கிக்கொண்டு வேனுக்கே ஓடி வந்தாள். நேராகப் பிரிக்பீல்ட்ஸ், வாழையிலைக் கடை. டாக்டரின் அக்காவையும் அழைத்து வந்தோம். பரமேஸ்வரி அக்கா, எழுபது வயது, அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் கட்டிக்கொள்ளாமல் தம்பியை வளர்த்துப் படிக்கவைத்தவர். டாக்டருக்கு உப்பு ஆகாது, பருப்பு ஆகாது, தண்ணீர்கூட அளந்துதான். நாங்கள் சாப்பிட்டோம், அவர் எங்கள் இலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நூருல் தேதியைச் சொன்னாள். இன்னும் எட்டு மாதம். டெலஸ்கோப் அந்தப் பக்கம் திரும்பக்கூடிய நாளும் கோள் குறுக்கே போகிற நாளும் ஒன்றாக வர வேண்டுமாம். அன்றைக்கு விட்டால் அடுத்த வருஷம். டாக்டர் தலையாட்டினார். அதற்கு முந்தின நாள்தான் ஆஸ்பத்திரியில் அவர் இதயமும் சரியில்லை என்று சொல்லியிருந்தார்கள். அது எனக்குத் தெரியும், அக்காவுக்கும் தெரியும். அக்கா சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டுத் தம்பியைக் கேட்டார்: "அதைக் கொஞ்சம் முந்தி வரச்சொல்லிக் கேக்கேலாதோ?"

காரணம்

ஐந்தாவது மாதம் டாக்டர் போய்விட்டார். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நான் வாசலில் வேனை நிறுத்தி ஹார்ன் அடித்தேன். அக்கா மட்டும் இறங்கி வந்தார். அதற்கு மேல் எழுதப் போவதில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் நூருல் வேனில் பின்னால் உட்கார்ந்து லெப்டாப்பைத் திறந்தாள். நேரம் கிடைத்த பிறகு அந்த வேலை ஒருவர் பெயரில் இருக்க வேண்டுமாம். அவர் இல்லை என்றால் இன்னொருவர் பெயருக்கு மாற்ற வேண்டும், காரணமும் போட வேண்டும். மாற்றாவிட்டால் மூன்று வருஷம் காத்திருந்து வாங்கின அந்தச் சில மணி நேரம் வீணாகப் போய்விடுமோ என்று அவளுக்குப் பயம். கிள்ளான் டோல் வந்தது, போனது. கண்ணாடியில் பார்த்தேன். பெயரை மாற்றுகிற பட்டன்மேல் அவள் விரல் அப்படியே நிற்கிறது. "அமுக்கும்மா" என்றேன். மலாயில் சொன்னாள்: "அமுக்கினா அவர் பேர் அழிஞ்சு என் பேர் வந்துடும், அங்கிள்."

அக்கா கேட்டது

அந்த நாளும் வந்தது. பகல் பதினொரு மணி. பார்ப்பதற்கு ஒன்றும் கிடையாது. டெலஸ்கோப் அங்கே தன்பாட்டுக்குப் பார்க்கும், கணக்கெல்லாம் பிறகுதான் வரும். இருந்தாலும் அக்கா தனியாக இருக்க வேண்டாம் என்று நானும் நூருலும் போனோம். வெளியே தூறல். கீழே மோனோரயில் போனது. "இப்ப பாக்குதோ பிள்ளை?" என்றார் அக்கா. "இப்ப பார்க்குது, ஆன்டி." அக்கா எழுந்து போய் ஜன்னல் திரையை விலக்கிவிட்டு வந்து உட்கார்ந்தார். மூன்று பேரும் காபியைத் தொடவில்லை.

பதில் தெரிய இன்னும் அரை வருஷம் ஆனது. அதைச் சொல்ல மறுபடியும் போனோம். நூருல் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். காற்று இல்லை. மொட்டைப் பாறைதான். மற்றவர்கள் சொன்னதுதான் சரி. அக்கா கையை மடியில் வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டார். "அப்ப தம்பி சொன்னது பிழை" என்றார். நூருல் பதறிப்போய், இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்ததே பெரிய விஷயம், டாக்டர் கேட்டதால்தான் தெரிந்தது, கட்டுரையில் அவர் பெயரும் இருக்கும் என்றெல்லாம் சொன்னாள். அக்கா அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். அழவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார்: "சின்னனிலே இருந்து அவன் பிழை விட்டா நான்தான் சொல்லுறனான், மாரி. இதை அவனுக்கு ஆர் போய்ச் சொல்லுறது?"

ஆளை நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது டிரைவர் தொழில், அதை ஒழுங்காகத்தான் செய்தேன். பதில் மட்டும் எந்த வண்டியில் ஏறி வருகிறதோ, கேட்டவர் இறங்கிப் போன பிறகுதான் வாசலில் வந்து நிற்கிறது.